லாக் லோமண்ட் பீட்டட் சிங்கிள் கிரெய்ன்: புகையுள்ள கிரெய்னா, வேஷம் மாறிய மால்ட்டா?

கிளைட்கரையான் (கிளாஸ்கோ)

கிரெய்ன் விஸ்கி என்றதுமே இங்கே பாதிப் பேர் அடுத்த இழைக்குத் தாவிவிடுவீர்கள் என்று தெரியும். கொஞ்சம் இருங்கள், இதில் புகை இருக்கிறது.

ஸ்காட்லாந்தில் புகை என்றால் மால்ட், அதாவது முளைகட்டிய பார்லியில் காய்ச்சும் விஸ்கி. கிரெய்ன் என்றால் வெனிலா, தேங்காய், லேசான இனிப்பு. மால்ட்டும் கிரெய்னும் கலந்த பிளெண்டுக்குள் இருக்கும் இடம் தெரியாமல் இருந்துவிட்டுப் போகும் சாது. இரண்டையும் ஒரே பாட்டிலில் அடைத்து லாக் லோமண்ட் வடிசாலை 2020-ல் வெளியிட்ட சரக்கு இது. 46 சதவீதம், வயது போடவில்லை, அமெரிக்க ஓக் பீப்பாய். பீட் எனும் சதுப்புநிலக் கரியின் புகை காட்டிய பார்லி மால்ட் மட்டுமே மூலப்பொருள். ஆனால் காய்ச்சியது செம்புப் பானையில் அல்ல, காஃபி ஸ்டில் எனப்படும் கோபுரத்தில்.

வாசனை: முதலில் எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், பார்லி மிட்டாய். புகை உடனே வரவில்லை. கிளாஸைக் கீழே வைத்து மறுபடி எடுத்தபோதுதான் வந்தது. ஈரமில்லாத புகை, விறகுச் சாம்பல். ஐலாத் தீவு விஸ்கிகளில் வருகிற அயோடின் இல்லை, கடல் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை.

சுவை: தொடக்கம் மெலிது. இனிப்பு, வெனிலா, வெள்ளை மிளகு. நடுவில் புகை எழும்புகிறது, ஆனால் நாக்கில் ஒட்டவில்லை. எண்ணெய்ப்பசை என்று நாம் சொல்வோமே, அது துளியும் கிடையாது. விழுங்கிய பிறகு சாம்பலும் எலுமிச்சையும் கொஞ்ச நேரம் நிற்கின்றன. ரொம்ப நேரமில்லை.

இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் புகை கூடுகிறது, பழம் குறைகிறது. நான் விடாமல்தான் குடித்தேன்.

என் கட்சி இதுதான்: புகையை உடம்பிலிருந்து பிரித்துத் தனியாகக் காட்டுகிற விஸ்கி இது. பானையில் காய்ச்சிய மால்ட் எதிலும் நான் இதைப் பார்த்ததில்லை. பிடிக்கிறதா இல்லையா என்பது அடுத்த கேள்வி.

---

பீட்பித்தன் (லண்டன்)

அடுத்த கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். பிடிக்கவில்லை.

லஃப்ரோய்க், ஆர்ட்பெக் என்று ஐலா மால்ட்டுகளில் பழகிய நாக்குக்கு இது கஷாயம் வைத்த பாத்திரத்தைக் கழுவிய தண்ணீர். ஒரு பாரில் ஒரு மெஷர் வாங்கி, பாதியிலேயே நண்பரிடம் தள்ளிவிட்டேன். எண்ணெய் இல்லை என்பதைச் சிறப்பாகச் சொல்கிறீர்கள். நான் அதைக் குறை என்கிறேன். உடம்பே இல்லாத புகைக்கு ஊதுவத்தி கொளுத்திக்கொண்டு வோட்கா குடிக்கலாமே.

---

குவார்ட்டர் கோவிந்து (சென்னை)

தலைவா, அடிப்படையிலேயே ஒரு டவுட். கிரெய்ன்னா மக்காச்சோளம், கோதுமைன்னு இல்ல நினைச்சிட்டிருந்தேன்? முழுக்க பார்லி மால்ட் போட்டா அது மால்ட் விஸ்கி ஆயிடாதா? பாட்டில்ல ஏன் கிரெய்ன்னு போட்டிருக்கான்?

---

யாழினி லீத் (எடின்பரோ)

கோவிந்து கேட்டதுதான் இந்த பாட்டிலின் முழுக் கதையும்.

2009-ஆம் ஆண்டு ஸ்காட்ச் விஸ்கி ஒழுங்குமுறைகள் ஐந்து வகைகளை வைத்திருக்கின்றன: சிங்கிள் மால்ட், சிங்கிள் கிரெய்ன், பிளெண்டட் மால்ட், பிளெண்டட் கிரெய்ன், பிளெண்டட். சிங்கிள் மால்ட் ஆக வேண்டுமானால் மூன்று நிபந்தனை: பார்லி மால்ட் மட்டும், ஒரே வடிசாலை, பாட் ஸ்டில்லில் (அந்தச் செம்புப் பானைதான்) தொகுதி தொகுதியாகக் காய்ச்ச வேண்டும். மூன்றாவதில் லாக் லோமண்ட் அடிபடுகிறது. கோபுரத்தில் தொடர்ச்சியாகக் காய்ச்சினால் அது மால்ட் இல்லை. ஒரே வடிசாலையில் காய்ச்சியது, மால்ட்டுக்குள் அடங்காது, பிளெண்டும் இல்லை என்றால் அது கிரெய்ன். அதற்கு மக்காச்சோளமோ கோதுமையோ இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. பார்லி மால்ட் மட்டும் இருந்தால் போதும்.

ஆக, தானியத்தின் பெயரைச் சொல்லி வகை பிரிக்கிறார்கள், ஆனால் பார்ப்பது அடுப்பை.

இதில் இன்னொரு கூத்து. இதே வடிசாலையில் இதே பார்லியைப் பாட் ஸ்டில்லிலும் காய்ச்சுகிறார்கள். அந்த மால்ட்டில் ஒரு கரண்டியை இந்த கிரெய்னில் கலந்தால் சட்டப்படி அது 'பிளெண்டட் ஸ்காட்ச்'. உள்ளே பார்லி மால்ட்டைத் தவிர ஒரு மணி வேறு தானியம் இருக்காது.

சட்டம் வரும்போதே லாக் லோமண்ட் இதை எதிர்த்தது. பாரம்பரிய முறை பாட் ஸ்டில்தான் என்று தொழில்துறைச் சங்கம் நின்றுவிட்டது.

---

மெய்யப்பன் பிளெண்ட் (பெங்களூரு)

யாழினி சொன்னதற்கு ஒரு பின்கதை உண்டு. நூறு வருஷத்துக்கு மேல் ஓடுகிற வழக்கு அது.

தொடர் வடிப்புக்கு ராபர்ட் ஸ்டெய்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் முதலில் வழி செய்தார். அதைச் சீர்படுத்தி 1830-ல் காப்புரிமை வாங்கியவர் ஏனியஸ் காஃபி. அயர்லாந்தில் சாராய வரி அதிகாரியாக இருந்தவர். ஆனால் அயர்லாந்தின் பெரிய வடிசாலைக்காரர்கள் அவர் கோபுரத்தைச் சீந்தவில்லை. ஸ்காட்லாந்தின் தாழ்நிலத்தார் பிடித்துக்கொண்டார்கள். மலிவான கிரெய்ன் கிடைத்தது, அதை மால்ட்டோடு கலந்து பிளெண்ட் பிறந்தது, உலகம் முழுக்கப் போனது.

1905-ல் லண்டன் இஸ்லிங்டன் நகராட்சி இரண்டு மதுக்கடைக்காரர்கள் மேல் வழக்குப் போட்டது. கோபுரச் சரக்கை விஸ்கி என்று விற்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. கீழ் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. தொழில் ஆடிப்போனது. 1908-ல் அரச ஆணையம் போட்டார்கள். மறு ஆண்டு ஆணையம் சொன்னது: கிரெய்னும் விஸ்கிதான்.

வழக்கு நடந்த சூட்டில் கிரெய்ன் முதலாளிகள் கேம்பஸ் வடிசாலையின் தனி கிரெய்னை விளம்பரம் செய்தார்கள். ஒரு காலன் குடித்தாலும் ஒரு தலைவலி வராது என்று வாசகம். கோவிந்துக்குப் பிடிக்கும். கேம்பஸ் 1993-ல் மூடப்பட்டுவிட்டது.

அன்றைக்கு விஸ்கியே இல்லை என்றார்கள். இன்றைக்கு மால்ட் இல்லை என்கிறார்கள். ஜப்பானில் நிக்கா இதே வேலையைச் செய்து 'காஃபி மால்ட்' என்று பெயர் போட்டு விற்கிறது. அவர்களின் கோபுரம் 1960-களில் ஸ்காட்லாந்திலிருந்து போனது. பிறந்த வீட்டில் இல்லாத பெயர் போன இடத்தில் கிடைத்திருக்கிறது.

---

குவார்ட்டர் கோவிந்து

தலைவலி மேட்டர் சூப்பர் ஐயா. அந்த வாசகத்தை நம்ம கடை வாசல்ல எழுதிப் போட்டா மறுநாள் காலையில கல்லெறிவாங்க.

---

ஜூரோங்கார் (சிங்கப்பூர்)

வடிகோபுரத்தோடு பிழைப்பு நடத்துகிறவன், சும்மா இருக்க முடியவில்லை. 'கோபுரத்தில் புகை ஏறாது' என்று பலரும் சொல்கிறார்கள். பாதி சரி.

பீட் புகையில் முக்கியமானவை ஃபீனால், கிரெசால், குவாயகால் வகையறா. ஃபீனால் கொதிப்பது 182 டிகிரியில், குவாயகால் 205-ல். எத்தனாலோ 78-ல். இந்த எண்களை மட்டும் பார்த்தால் பாட் ஸ்டில்லிலும் புகை வரக்கூடாது. வருகிறதே, எப்படி? தண்ணீர் மிகுந்த கலவையில் இந்தப் பொருட்களுக்கு ஒட்டுதல் குறைவு, நீராவியோடு கிளம்பிவிடும். எத்தனால் செறிவு ஏற ஏற அவை கரைசலிலேயே தங்கிக்கொள்ளும்.

பாட் ஸ்டில்லில் இரண்டாம் காய்ச்சலின்போது முதலில் வருவது பலமான சரக்கு, போகப்போகப் பலம் இறங்கும். அப்படி இறங்கும்போதுதான் புகை அதிகமாக வரும். காய்ச்சுகிறவர் எந்த இடத்தில் சரக்கைப் பிடிப்பதை நிறுத்தி வெட்டுகிறார் என்பதில் புகையின் அளவு நிற்கிறது. தாமதமாக வெட்டினால் புகையும் கூடும், கூடவே கனமான எண்ணெய்ச் சங்கதிகளும் வரும். பீட்பித்தன் விரும்புகிற உடம்பு அதுதான். இரண்டும் ஒரே கதவு வழியாக வருகின்றன.

காஃபி ஸ்டில்லில் நேரம் பார்த்து வெட்டுவது கிடையாது. இரண்டு கோபுரம். முதலாவதில் கீழிருந்து நீராவி, மேலிருந்து வாஷ் (புளித்த மால்ட் நீர்) இறங்குகிறது. ஆல்கஹாலும் புகையும் ஆவியோடு சேர்ந்து வெளியேறி இரண்டாவது கோபுரத்துக்குப் போகின்றன. அங்கே தட்டுத் தட்டாக ஏறும்போது மேலே போகப்போக எத்தனால் செறிவு கூடும். கனமானவை ஒவ்வொரு தட்டிலும் பின்தங்கிக் கீழே வழியும். எந்தப் பலத்தில் சரக்கை உருவுகிறோம் என்பதுதான் கேள்வி. சட்டம் அனுமதிக்கிற உச்சம் 94.8 சதவீதத்துக்குக் கீழே. அந்த உச்சத்தை ஒட்டி எடுத்தால் புகைக்கு வழியில்லை. அதைவிட நன்றாக இறங்கி எடுத்தால் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். எண்ணெய்ச் சங்கதிகளில் பெரும்பகுதி அப்போதும் கீழேயே நின்றுவிடும்.

கிளைட்கரையான் நாக்கில் பட்டது இதுதான் என்று நினைக்கிறேன். கற்பனை இல்லை.

---

பீட்பித்தன்

நல்ல விளக்கம் சார், நன்றி. நான் சொன்னதையே நீங்கள் வேதியியலில் சொல்லியிருக்கிறீர்கள்: வடிகட்டிவிட்டார்கள். ஐலாவில் ஈரமான பீட்டை வெட்டிக் காயவைத்து, மால்ட்டின் உமியில் புகையை ஏற்றி, அத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்ததைக் கோபுரத்தில் ஏற்றி இறக்கிச் சக்கையாக்க எதற்கு?

---

கிளைட்கரையான்

முதலில் ஒன்று: இது ஐலா இல்லை. அலெக்ஸாண்ட்ரியா என்ற ஊர், கிளாஸ்கோவிலிருந்து பாலாக் போகும் ரயிலில் கடைசிக்கு முந்தைய ஸ்டேஷன். கடல் வாசனை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். பீட் எந்த மண்ணில் வெட்டியது என்பதைப் பொறுத்து அதன் புகை மாறும் என்பது நீங்கள் அறிந்ததுதான்.

அந்த வடிசாலையின் இடமே எனக்கு வேறு காரணத்துக்காகப் பிடிக்கும். 1960-களின் நடுவில் பழைய சாயப்பட்டறை இருந்த இடத்தில் கட்டினார்கள். அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க ஒரு காலத்தில் பருத்தித் துணிக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுகிற ஆலைகள். அந்தத் துணிகளுக்குப் பெரிய சந்தையே இந்தியாதான். நம்மூர் நெசவாளி வயிற்றில் அடித்த துணிகள் போன கரையில் இப்போது சரக்கு காய்ச்சுகிறார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரே வளாகத்தில் பாட் ஸ்டில், கழுத்துக்குள் தட்டு வைத்த நேர்க்கழுத்து ஸ்டில், கோதுமை கிரெய்னுக்குத் தனிக் கோபுரம், மால்ட்டுக்கு காஃபி ஸ்டில் என்று நான்கு விதமான பாத்திரங்கள். வருஷக்கணக்காக இவர்கள் விளையாடுவது பாத்திரத்தை மாற்றினால் பார்லிக்கு என்ன ஆகிறது என்ற ஒரே விளையாட்டைத்தான். கனமான புகை வேண்டுமானால் அவர்களே 'கிராஃப்டென்ஜியா' என்று பாட் ஸ்டில் மால்ட் செய்கிறார்கள். அதையும் இதையும் அடுத்தடுத்து வைத்துக் குடியுங்கள். வடிசாலை ஒன்று, புகை மால்ட், பாத்திரம்தான் வேறு. சக்கை என்று எதைச் சொல்கிறீர்களோ அதை அப்போது வேறு விதமாகச் சொல்வீர்கள்.

---

ஸ்காபரோ நேசன் (ரொறன்ரோ)

எல்லாருக்கும் வணக்கம். கனநாளா வாசிக்கிறனான், இண்டைக்குத்தான் எழுதுறன்.

எனக்கெண்டா பீட்பித்தன் அண்ணை சொல்லுறதும் விளங்குது, கிளைட்கரையான் அண்ணை சொல்லுறதும் விளங்குது. ஆனா ஒரு விசயத்தை ஒருத்தரும் கதைக்கேல்லை. கிரெய்னுக்குப் புகை ஏத்த இன்னொரு வழி இருக்கு. ஐலா மால்ட் கிடந்த பீப்பாய்க்குள்ள சாதாரண கிரெய்னைப் போட்டு வைக்கிறது. சின்னப் பாட்டிலிங் கொம்பனியள் அப்பிடிச் செய்து விக்கினம். நானும் குடிச்சிருக்கிறன்.

அதில புகை மேலால நிக்கும். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனவுடன அடிக்கும், வாயில போனாப் பிறகு காணேல்லை. உள்ள இருக்கிறது வெனிலாவும் தேங்காயும்தான். லாக் லோமண்டில நேர்மாறு. மூக்கில பதுங்கி இருந்து வாயிலதான் எழும்புது. ஏனெண்டா இதில புகை தானியத்தோட வந்தது, மரத்தோட வரேல்லை. அதை வடிவா வித்தியாசம் பிடிக்கலாம்.

---

மெய்யப்பன் பிளெண்ட்

நல்ல அவதானிப்பு தம்பி. மால்ட்டில் அதே வித்தையைப் பால்வெனி வடிசாலைக்காரர்கள் 2001-ல் 17 வருஷ 'ஐலா காஸ்க்' என்று செய்தார்கள். அதிலும் புகை சால்வை போட்ட மாதிரி மேலேயே கிடந்தது.

ஆனால் நான் இங்கே இருவருக்கும் எதிர்க்கட்சி. பிளெண்ட் குடிக்கிறவன் கண்ணால் பார்த்தால், புகையுள்ள கிரெய்ன் யாரும் கேட்காத கேள்விக்குப் பதில். பிளெண்டில் கிரெய்னின் வேலை மற்றவர்களுக்கு இடம் விடுவது. புகை வேண்டுமா, கொஞ்சம் கல் ஈலா என்ற ஐலா மால்ட் சேர்த்தால் போதும், ஜானி வாக்கர் காலங்காலமாக அதைத்தான் செய்கிறது. கிரெய்னுக்கே புகையை ஏற்றினால் யார் யாருக்கு இடம் விடுவது?

கிரெய்ன் தனியாக நிற்கட்டும், மறுக்கவில்லை. காம்பஸ் பாக்ஸ் என்ற பிளெண்ட் கம்பெனி 2000-ல் ஆரம்பித்தபோது முதல் சரக்கே 'ஹெடோனிசம்' என்ற கிரெய்ன் கலவை. புகை கிடையாது, கிரெய்ன் கிரெய்னாகவே மணக்கும். அதே கம்பெனி பிறகு 2005-ல் 'ஸ்பைஸ் ட்ரீ' என்ற மால்ட் கலவைக்குப் பீப்பாய்க்குள் புது ஓக் பலகைகளைச் செருகி, தொழில்துறைச் சங்கம் கண்ணை உருட்டி, நிறுத்திவிட்டு, 2009-ல் பீப்பாயின் மூடிப்பலகையை மட்டும் புது ஓக்காக மாற்றித் திரும்பக் கொண்டுவந்தார்கள். சட்டத்தின் வேலியை உரசிக்கொண்டே போகிற ஆட்கள் வேண்டும்தான். உரசியதாலேயே சரக்கு நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

---

குவார்ட்டர் கோவிந்து

இன்னொரு டவுட். சாதா கிரெய்ன்லயும் கொஞ்சம் பார்லி மால்ட் போடணும்னு சொல்றாங்களே, அந்தக் கொஞ்சத்தை மட்டும் பீட் மால்ட்டா போட்டா? சீப்பா முடிஞ்சிடுமே.

---

யாழினி லீத்

போடுவது உண்மை. வெளியிலிருந்து நொதி வாங்கி ஊற்ற ஸ்காட்ச்சுக்கு அனுமதியில்லை. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க மால்ட்டிலேயே இருக்கிற நொதிதான் கதி. பத்தில் ஒரு பங்கு அளவில் மால்ட் சேர்ப்பார்கள். மிச்சம் இப்போது பெரும்பாலும் கோதுமை. எங்கள் ஊர் நார்த் பிரிட்டிஷ் வடிசாலை ரொம்ப காலம் மக்காச்சோளத்தை விடவில்லை. 1885-லிருந்து இருக்கிறது. கார்கி பக்கம் காற்று அடித்தால் வேகவைத்த தானிய வாசனை வீட்டுக்குள்ளேயே வரும். புதிதாக வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள், எனக்கு அது இல்லாவிட்டால் எடின்பரோ மாதிரியே இருக்காது.

---

ஜூரோங்கார்

கோவிந்து, பத்தில் ஒரு பங்கு பீட் மால்ட் என்றால் தொடக்கத்திலேயே புகையும் பத்தில் ஒரு பங்கு. அதையும் வழக்கமான உயர் பலத்தில் உருவினால் கிளாஸில் தேடித்தான் பார்க்க வேண்டும். பாட்டில்களில் பி.பி.எம். என்று போடுகிறார்களே, அது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு ஃபீனால் என்று, பெரும்பாலும் காய்ந்த மால்ட்டில் அளந்த கணக்கு. அரைத்து, ஊறவைத்து, காய்ச்சி, பீப்பாயில் வருஷக்கணக்கில் போட்ட பிறகு மிஞ்சுவது அதில் ஒரு பகுதிதான்.

நம்மூர் ஆட்களுக்குப் புரிகிற உதாரணம்: இந்தியாவில் விஸ்கி என்று விற்கும் மலிவுச் சரக்குகளுக்கு அடித்தளம் இ.என்.ஏ. எனப்படும் மணமற்ற ஆல்கஹால், 96 சதவீதம். பெரும்பாலும் மொலாசஸ். அதைக் கரும்பிலிருந்து எடுத்தோமா, அரிசியிலிருந்து எடுத்தோமா என்று நாக்கால் கண்டுபிடிக்க முடியாது. கோபுரத்தை முழுதாக ஓடவிட்டால் அதுதான் கதி. லாக் லோமண்ட் பாதியில் நிறுத்தியிருக்கிறது. சாமர்த்தியம் அந்த நிறுத்தத்தில்.

கிளைட்கரையான் தண்ணீர் விட்டதும் புகை கூடியது என்றாரே, அதற்கும் ஒரு ஆய்வு உண்டு. ஸ்வீடனில் கார்ல்சன், ஃப்ரீட்மன் என்ற இருவர் 2017-ல் குவாயகாலைக் கணினியில் பாவித்துப் பார்த்தார்கள். எத்தனால் 45 சதவீதமும் அதற்குக் கீழும் இருக்கும்போது குவாயகால் திரவத்தின் மேற்பரப்பில் ஒதுங்குகிறது. 59-க்கு மேல் போனால் எத்தனால் அதைச் சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. கணினிப் பாவனைதான், நிஜ விஸ்கியில் இன்னும் நூறு சங்கதிகள் உண்டு. ஆனால் 46-ல் இருப்பதை 40 பக்கம் இறக்கினால் மூக்குக்குப் புகை கூடுவது இதற்குப் பொருந்துகிறது.

---

ஸ்காபரோ நேசன்

சனிக்கிழமை மச்சான்மார் வந்தவையள். மூண்டு கிளாஸில ஊத்தி, என்ன எண்டு சொல்லாமல் குடுத்தன்: இந்த லாக் லோமண்ட், கல் ஈலா 12, ஜானி வாக்கர் டபிள் பிளாக்.

ஒருத்தரும் லாக் லோமண்டைக் கிரெய்ன் எண்டு சொல்லேல்லை. பெரிய மச்சான் அதைத்தான் டபிள் பிளாக் எண்டு அடிச்சுச் சொன்னார், டபிள் பிளாக்கைக் கிரெய்ன் எண்டார். அது தேங்காய் மணக்குதாம். சின்னவர் மட்டும் "இதுக்குள்ள புகை இருக்கு, ஆனா வாயில ஒண்டும் தங்கேல்லை" எண்டவர். கல் ஈலாவை எல்லாரும் பிடிச்சிட்டினம். அதின்ர எண்ணெய்ப்பசை மறைக்கேலாது.

எது விருப்பம் எண்டு கேட்டா கல் ஈலாதான் முதல். ஆனா இரவு முடிய எது காலியா இருந்தது எண்டு பாத்தா லாக் லோமண்ட். சாப்பாட்டோட அதைத்தான் எடுத்து எடுத்து ஊத்தினவை.

---

பீட்பித்தன்

சாப்பாட்டோடு காலியானது என்பது பாராட்டா என்று தெரியவில்லை. தண்ணீர்கூடத்தான் சாப்பாட்டோடு காலியாகும்.

---

கிளைட்கரையான்

பீட்பித்தன், முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். சாம்பிள் புட்டியில் கொஞ்சம் அனுப்புகிறேன், கூடவே கிராஃப்டென்ஜியாவும். பாரில் பாதி மெஷர் குடித்துவிட்டுச் சொன்ன தீர்ப்பை நான் பதிவேட்டில் ஏற்றுவதாக இல்லை.

மெய்யப்பன் ஐயாவுக்கு: பிளெண்டில் இதற்கு இடமில்லை என்பது சரிதான், நானும் பிளெண்டருக்காகச் சொல்லவில்லை. ஆனால் தனியாகக் குடிக்கும்போது இடம் விடுகிற குணம் இதில் அப்படியே இருக்கிறது. புகைக்கே இடம் விடுகிறது. பாட் ஸ்டில் மால்ட்டில் புகை எப்போதும் பத்துப் பேரோடு சேர்ந்து வருகிறது. யார் என்ன பேசுகிறார்கள் என்று பிரித்துக் கேட்க எனக்கு வருஷக்கணக்காக முடிந்ததில்லை.

---

மெய்யப்பன் பிளெண்ட்

அப்படிச் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன், பாடம் படிக்க நல்ல சரக்கு. பாடப் புத்தகத்தை யாரும் ஆசைக்கு வாசிப்பதில்லை என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

---

பீட்பித்தன்

சாம்பிள் வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குடித்தாயிற்று, நியாயமாக எழுதுகிறேன்.

கிராஃப்டென்ஜியா என் ஆள். கனம், மண், கருகிய விளிம்பு, கொஞ்சம் பழைய தோல் செருப்பு. அதில் வாங்க ஒரு பாட்டில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கிரெய்ன்: நேராகக் குடித்தால் என் கருத்தில் மாற்றமில்லை, மெலிது. முடிவு சட்டென்று அறுந்துவிடுகிறது. ஆனால் அதைப் பக்கத்தில் வைத்துக் குடித்த பிறகு கிராஃப்டென்ஜியாவில் எது புகை, எது எண்ணெய் என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. அதுவரை நான் புகை என்று நினைத்த பாதி புகையே இல்லை. மிச்சத்தில் ஐஸும் சோடாவும் எலுமிச்சைத் தோலும் போட்டேன். அங்கே இது வேறு சரக்கு. புகை கலையவில்லை, சோடா அதைத் தூக்கிப் பிடித்தது. லஃப்ரோய்க்கை சோடாவில் ஊற்ற எனக்கு மனம் வராது, ஊற்றினாலும் டிங்சர் மணக்கும்.

முழு பாட்டில் வாங்குவேனா? வெயில் காலத்தில், யாராவது தள்ளுபடி போட்டால்.

---

குவார்ட்டர் கோவிந்து

அடப்பாவி, கட்சி மாறிட்டாரு. இங்க கடையில இதெல்லாம் கண்ணுல படப்போறதில்ல. டியூட்டி ஃப்ரீல வர்ற அண்ணன்மார் யாராவது மனசு வைங்க. தொட்டுக்க என்ன வெச்சுக்கலாம், அதையாவது சொல்லுங்க.

---

ஸ்காபரோ நேசன்

தம்பி, உறைப்புக் கூடினா புகை செத்துப்போம். நாங்கள் பொரிச்ச கணவாயும் தேசிக்காய்ப் புளியும் வைச்சனாங்கள், நல்லாப் பொருந்திச்சு. கருவாட்டுப் பக்கம் போகாதை. புகையும் கருவாடும் சண்டை பிடிக்கும்.

---

யாழினி லீத்

பாட்டில் திறந்தவர்களுக்கு ஒரு குறிப்பு. என்னுடையது கால்வாசிக்கு இறங்கிய பிறகு எலுமிச்சை அடங்கிப்போய் சாம்பல் மட்டும் மிஞ்சியது. கொஞ்சம்தான் மிச்சம் என்றால் சின்னப் புட்டிக்கு மாற்றிவிடுங்கள், அல்லது முடித்துவிடுங்கள்.

அப்புறம், அடுப்பை வைத்து வகை பிரிப்பதில் அகப்பட்டது லாக் லோமண்ட் மட்டுமில்லை. தானியத்தை வைத்து அகப்பட்டவர்களும் உண்டு. ஃபைஃப் பகுதியில் இன்ச்டெய்ர்னி வடிசாலை 'ரைலா' என்று 2023-ல் வெளியிட்டார்களே, மால்ட் செய்த ரை என்ற தானியமும் மால்ட் செய்த பார்லியும். அதுவும் சட்டப்படி சிங்கிள் கிரெய்ன். ஆர்பிகி வடிசாலையின் ரை விஸ்கியும் அப்படியே. நான் ஒரு ரைலா வைத்திருக்கிறேன், இன்னும் திறக்கவில்லை.

---

கிளைட்கரையான்

திறந்துவிட்டு அதற்குத் தனி இழை போடுங்கள் யாழினி, இங்கே கலந்தால் ஜூரோங்கார் மறுபடி கோபுரம் ஏறிவிடுவார். பீட்பித்தன், காலிப் புட்டிகளைத் திருப்பி அனுப்ப மறக்காதீர்கள்.